காய்ச்சி வடித்த நீர் கசிந்தால் பரவாயில்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இதழின் தொழில்நுட்பப் பக்கத்தில், மேசைக் கணினியைக் காற்றுக் குளிரூட்டலிலிருந்து நீர்க் குளிரூட்டலுக்கு மாற்றுவது பற்றி வந்த கட்டுரையை மூன்று முறை வாசித்தேன். அந்த வேலையைப் பதினொரு மாதங்களுக்கு முன் என் கணினியில் நானே செய்தவள் என்பதால் அவ்வளவு அக்கறை. மாற்றினால் கணினி பறக்கும், சத்தமே இருக்காது என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். ஆர்வத்தில் சொன்னது என்று அதை விட்டுவிடலாம். ஆனால் காய்ச்சி வடித்த நீர் மின்சாரத்தைக் கடத்தாது, ஆகவே கசிந்தாலும் அஞ்ச வேண்டாம் என்று எழுதியிருப்பதை விட முடியவில்லை. கடிதம் கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் விளையாட்டுக்காகக் கணினி வைத்திருப்பவள் இல்லை. பார்வையற்றோர் கேட்பதற்காகப் புத்தகங்களை வாசித்து ஒலிப்பதிவு செய்கிறேன். மேசைமேல் மைக், மேசைக்கடியில் கணினி. இரண்டுக்கும் நடுவே நாலடி கூட இருக்காது. ஒலிப்பதிவு மென்பொருளில் இரைச்சலைக் கழிக்கும் வசதி உண்டு. பேச்சில்லாத சில விநாடிகளைத் தேர்ந்தெடுத்து, இதுதான் இரைச்சல் என்று அதற்குக் காட்டிக்கொடுத்தால் போதும். விசிறி ஒரே சீராக உறுமினால் அழகாகக் கழித்துவிடும். ஏறி இறங்கும் சத்தம் என்றால் அதனிடம் பலிக்காது. என் கணினியின் விசிறியோ, ஒரு பத்தியைப் படித்து முடிப்பதற்குள் இரண்டு தடவை சீறிவிட்டு அடங்கும். எத்தனை பக்கங்களைத் திரும்பப் படித்திருப்பேன் என்று கணக்கே இல்லை.

தம்பி மகன்தான் யோசனை சொன்னான். "அத்தை, பேசாம வாட்டர் கூலிங் போட்டுருங்க. சத்தம் ஒரேயடியா போயிடும்." அவனுக்கும் உங்கள் கட்டுரையாளருக்கும் அந்த நம்பிக்கை ஒன்றுபோல இருக்கிறது.

உடனே வாங்கவில்லை. முதலில் பழைய கூலரை, அதாவது புராசஸர் என்னும் கணினியின் மூளைச் சில்லின்மேல் உட்கார்ந்து அதன் சூட்டை வாங்கி விசிறியால் வெளியேற்றும் பாகத்தை, துடைத்துப் பார்ப்போம் என்றேன். பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினால், கூலரின் அலுமினியத் தகடுகளுக்கு இடையே தூசி கம்பளிபோல் படிந்திருந்தது. காற்று நுழைய வழியே இல்லை. புராசஸர் முழு மூச்சில் வேலை செய்யும்போது 88 டிகிரி செல்சியஸ் காட்டிக்கொண்டிருந்தது. அது தாங்கும் வரம்பு 90. தூசி தட்டி, புராசஸருக்கும் கூலருக்கும் நடுவே வெப்பத்தைக் கடத்தப் பூசியிருந்து காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை வழித்தெடுத்துப் புதிதாக வைத்த பிறகு 79. அதாவது ஒரு தூரிகையும் ஒரு துளிப் பசையும் 9 டிகிரியை இறக்கிவிட்டன. கட்டுரையில் தூசி என்ற சொல்லே இல்லை.

இந்தத் துடைப்பு வேலையிலேயே ஒரு விபத்தும் நடந்தது. எல்லாப் பாகங்களும் இணையும் முதன்மைப் பலகைதான் மதர்போர்டு, அதில் புராசஸர் உட்காரும் இடம் சாக்கெட். சில வகை மதர்போர்டுகளில் இணைப்பு ஊசிகள் சாக்கெட்டில் இருக்காது, புராசஸரின் அடிவயிற்றிலேயே இருக்கும். பழைய பேஸ்ட் இறுகி, கூலரும் புராசஸரும் ஒட்டிப் போயிருந்தன. நான் நேராக மேலே இழுத்தேன். சாக்கெட் பூட்டியபடியே இருக்க, புராசஸர் கூலரோடு பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. நான்கு ஊசிகள் வளைந்தன. ஷேவிங் பிளேடின் முனையால் ஒவ்வொன்றாக நிமிர்த்தியபோது என் கை நடுங்கியதைத் தம்பி மகன் இன்றும் நடித்துக் காட்டுகிறான். கணினியைக் கால் மணி நேரம் வேலை வாங்கிப் பேஸ்ட்டை இளக வைத்து, அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகித்தான் எடுக்க வேண்டும். தெரிந்தவர்கள் இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுவார்கள். எனக்குச் சொல்ல ஆளில்லை.

தூசி போனதில் சூடு குறைந்ததே தவிர, சீறல் நிற்கவில்லை. ஒலிக்கோப்பைச் சுத்தம் செய்யும் வேலை தொடங்கினால் புராசஸர் 142 வாட் இழுக்கும். ஒரே விநாடியில் 45 டிகிரியிலிருந்து 70க்குத் தாவும். விசிறியும் அதன் பின்னாலேயே ஓடும். அதன் பிறகுதான் தொழிற்சாலையிலேயே திரவம் நிரப்பி மூடி வருகிற, நாம் திறக்கவே வேண்டாத வகையை வாங்கினேன். இரண்டு 120 மில்லிமீட்டர் விசிறிகள் பூட்டி, நீரின் சூட்டைக் காற்றுக்குக் கொடுக்கும் 240 அளவு ரேடியேட்டர், இரண்டு ரப்பர் குழாய்கள், புராசஸர்மேல் உட்காரும் செப்பு அடித்தட்டு, அதன் தலையிலேயே பம்பு. அவ்வளவுதான்.

முதல் நாள் ரேடியேட்டரைப் பெட்டியின் முன்பக்கம் நிமிர்த்தி, குழாய்கள் மேலே இருக்கும்படி மாட்டினோம். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. மறுநாள் பதிவைக் கேட்டால், என் குரலுக்குப் பின்னால் யாரோ வாய் கொப்பளிக்கிறார்கள்! இப்படி மூடி வரும் சுற்றில் கொஞ்சம் காற்று எப்போதும் இருக்கும். அது உச்சியில் போய்ச் சேரும். அந்த உச்சியிலேயே குழாய் வாயை வைத்துவிட்டதால், நீரோடு காற்றையும் பம்பு உறிஞ்சிக்கொண்டிருந்தது. பம்பே உச்சியாக இருந்துவிட்டால் இன்னும் மோசம், வறண்டு ஓடித் தேய்ந்துவிடும். பிறகு ரேடியேட்டரைப் பெட்டியின் கூரையில் மாற்றினோம். கொப்பளிப்பு நின்றது. கூரையில் வைப்பதற்கும் ஒரு விலை உண்டு. பெட்டிக்குள் மற்ற பாகங்கள் விடும் சூடான காற்றுதான் ரேடியேட்டர் வழியாக வெளியேற வேண்டும். முன்பக்கம் இருந்தபோது 69 காட்டியது, கூரையில் 71 ஆனது. 2 டிகிரிதானே என்று விட்டுவிட்டேன்.

இங்கே கட்டுரையின் படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு குழாய்க்குச் சிவப்பு, மற்றதற்கு நீலம் பூசி, கொதிக்கிற நீர் போய்க் குளிர்ந்த நீர் திரும்புவதாகக் காட்டியிருந்தார்கள். நான் இரண்டு குழாய்களையும் தொட்டுப் பார்த்தேன், வித்தியாசமே தெரியவில்லை. கணக்குப் போட்டால் காரணம் புரிகிறது. ஒரு லிட்டர் நீரை 1 டிகிரி சூடாக்க ஏறக்குறைய 4,180 ஜூல் வேண்டும். ஒரு லிட்டர் காற்றுக்கு 1.2 ஜூல் போதும். ஏறத்தாழ மூவாயிரத்து ஐந்நூறு மடங்கு! நிமிடத்துக்கு ஒரு லிட்டர் நீர் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், 142 வாட் வெப்பம் அதை வெறும் 2 டிகிரிதான் ஏற்றும். எது சிவப்பு, எது நீலம்?

நீர் அந்த வெப்பத்தை ரேடியேட்டர் வரை தூக்கிக்கொண்டு போகிறது. அங்கே அதை வாங்கிக்கொள்வது அறையின் காற்றுதான், வீசுவது விசிறிதான். அறை 31 டிகிரியில் இருந்தால் நீர் அதற்குக் கீழே போகவே போகாது. குளிரூட்டல் என்ற சொல்லைக் கேட்டுவிட்டு, ஐஸ் போட வேண்டுமா என்று என் மாமியார் கேட்டதில் தவறே இல்லை. வேடிக்கை என்னவென்றால், காற்றுக் கூலர் என்று நான் கழற்றி வைத்ததிலும் நீர் இருக்கிறது. அதன் அடியிலிருந்து தகடுகளுக்கு ஏறும் செப்புக் குழல்களுக்குள் காற்றை வெளியேற்றிவிட்டுக் கொஞ்சமே கொஞ்சம் நீரை அடைத்திருப்பார்கள். அழுத்தம் குறைவென்பதால் புராசஸர் பக்கம் அது எளிதில் ஆவியாகும். தகடுகள் பக்கம் போய்க் குளிர்ந்து நீராகி, உள்சுவரின் நுண்துளைகள் வழியே திரும்பி வரும். பம்பு இல்லாமல், தேய்மானம் இல்லாமல் நடக்கிற வேலை.

"இன்றைய புதுமை" என்றும் எழுதியிருந்தது. ஐபிஎம் நிறுவனம் 1980இல் அறிவித்த 3081 பெருங்கணினியில் நீர் ஓடியது. 1985இல் வந்த கிரே-2 சூப்பர் கணினியின் சர்க்யூட் பலகைகள் ஃப்ளோரினர்ட் என்ற மின்கடத்தாத் திரவத்திலேயே மூழ்கிக் கிடந்தன. 2004இல் ஆப்பிளின் பவர் மேக் ஜி5 கணினியில் ஒரு வகை, திரவக் குளிரூட்டலோடுதான் விற்பனைக்கு வந்தது.

சரி, எனக்கு என்ன கிடைத்தது? 79 இருந்த இடத்தில் 71. ஒரு மணி நேரப் பதிவைச் சுத்தம் செய்ய 14 நிமிடம் ஆனது, இப்போது பதின்மூன்றரை. இதைப் பறப்பது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. புராசஸர் சூட்டு வரம்பை முட்டித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிற நிலையில் இருந்தால் மட்டுமே பெரிய வித்தியாசம் தெரியும். ஐந்து நிமிடம் சோதித்துவிட்டு 62 டிகிரி என்று படம் பிடித்துப் போடுகிறவர்களையும் நம்பாதீர்கள். எனக்கும் ஐந்தாவது நிமிடத்தில் 62தான். நீர் சூடேறி ஒரு நிலைக்கு வந்து, 71 காட்ட அரை மணி ஆயிற்று.

அந்த மந்தத்தனம்தான் என் போன்றவளுக்கு வரம். புராசஸர் இப்போதும் விநாடியில் தாவத்தான் செய்கிறது. நீர் தாவுவதில்லை. விசிறியின் வேகத்தைப் புராசஸர் சூட்டிலிருந்து அவிழ்த்து, நீரின் சூட்டோடு கட்டிவிட்டேன். விசிறி இப்போது மணிக்கணக்கில் ஒரே சுருதியில் ஓடுகிறது. கூடவே பம்பின் மெல்லிய ரீங்காரம், முன்பு இல்லாத புதுச் சத்தம். இரண்டும் சீராக இருப்பதால் மென்பொருள் கழித்துவிடுகிறது. பழைய சத்தத்தை விட இது மிகவும் குறைவு என்றும் சொல்ல மாட்டேன். மாறாத சத்தம், அவ்வளவே. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கணினி தொடங்கும்போதே ஓடும் பயாஸ் என்ற அடிப்படை மென்பொருள் என் மதர்போர்டில் உண்டு; அதன் அமைப்பில், சூடு ஏறினாலும் சில விநாடி பொறுத்த பிறகே விசிறியை முடுக்கு என்று சொல்லும் வசதி இருப்பதை மூன்று மாதம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். பழைய கூலரிலேயே அதைப் போட்டிருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும். தம்பி மகனிடம் சொன்னேன். "அதெல்லாம் இப்ப எதுக்கு அத்தை" என்றான்.

மாற்றிய பிறகு ஒரு பாகம் கூடுதலாகச் சூடானது. புராசஸருக்கு மின்சாரம் சீராக்கித் தரும் சிறு பாகங்கள் சாக்கெட்டைச் சுற்றி இருக்கும். பழைய கூலரின் விசிறி தன் வேலையோடு வேலையாக அவற்றின்மேலும் வீசிக்கொண்டிருந்தது. அது போனதும் 58 டிகிரியில் இருந்தவை 74க்கு ஏறின. ஆபத்தான அளவு இல்லைதான். ஆனாலும் பெட்டியின் பின்புறம் ஒரு விசிறி சேர்த்தேன், 65க்கு இறங்கியது. சத்தம் குறைக்கப் போய் ஒரு விசிறியைக் கூட்டிய கதை இது.

இப்போது அந்தக் காய்ச்சி வடித்த நீர். தனித்தனிப் பாகங்களாக வாங்கி, பம்பும் தொட்டியும் குழாயும் நாமே பொருத்தும் முறையில்தான் அது பயன்படுகிறது. தம்பி மகனுக்கு அதன்மேல்தான் கண், நான் இடம் கொடுக்கவில்லை. கண்ணாடிப் புட்டியில் இருக்கும் வரை காய்ச்சி வடித்த நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும் என்பது உண்மை. செம்பையும் நிக்கலையும் குழாயின் உட்புறத்தையும் தடவிக்கொண்டு சுற்றத் தொடங்கினால், மின்சாரத்தைக் கடத்த உதவும் அயனிகளைச் சேர்த்துக்கொண்டே போகும். கசிந்து மதர்போர்டில் சொட்டும்போது அங்கே இருக்கும் தூசியும் உப்பும் அதில் கரையும். அது கடத்தும். பாசி பிடிக்காமலிருக்கவும் அரிப்பைத் தடுக்கவும் கலக்கும் மருந்துகள் வேறு உண்டு. செப்புப் பாகமும் அலுமினிய ரேடியேட்டரும் ஒரே சுற்றில் சேர்ந்தால் அலுமினியம் அரித்துப் போகும், கசிவே அங்கிருந்துதான் தொடங்கும்.

அஞ்ச வேண்டாம் என்று நம்பி, சொட்டு விழுந்த கணினியை ஒருவர் ஓட விட்டால் என்ன ஆவது? நனைந்தது தெரிந்த கணமே மின்கம்பியைப் பிடுங்க வேண்டும். துடைத்து, முழுக்க உலர்ந்த பிறகே மறுபடி மின்சாரம் கொடுக்க வேண்டும். புதிதாகப் பொருத்தும்போது மதர்போர்டுக்கு மின்சாரம் தராமல், பம்பை மட்டும் ஓட்டி, இணைப்புகளின் கீழே உறிஞ்சு காகிதம் விரித்து, ஒருநாள் முழுக்கச் சோதிப்பது இந்த வேலை செய்கிறவர்களின் வழக்கம். இதை மட்டுமாவது திருத்தமாக வெளியிடுங்கள்.

என்னுடையது மூடிய வகை என்றாலும் அதற்கும் ஆயுள் உண்டு. குழாயின் சுவர் வழியே நீர் மிக மெதுவாக ஆவியாகிக் குறையும், பம்பு தேயும். உத்தரவாதம் பெரும்பாலும் ஐந்து, ஆறு ஆண்டுகள். பழைய கூலரில் விசிறி நின்றாலும் செம்பும் அலுமினியமும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். விசிறியை மட்டும் மாற்றினால் போதும். இதில் பம்பு நின்றால் புராசஸர் சட்டென்று சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், அல்லது அணைந்துவிடும். கூலரை மொத்தமாகத்தான் மாற்ற வேண்டும். அதனால் பம்பின் சுழற்சி எண்ணிக்கையைத் திரையின் ஓரத்தில் எப்போதும் தெரியும்படி வைத்திருக்கிறேன். நின்ற அன்றைக்கே மாட்டுவதற்காகப் பழைய கூலரைத் துடைத்து, அதன் திருகாணிகளையும் ஒரு உறையில் போட்டு, மேலே பெயர் எழுதி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மைக்குக்கு நாலடி தள்ளிக் கணினி வைத்திருக்கும் உங்கள் வாசகி