செலவு யார் பெயரில்?

காரைக்குடி
தவக்காலம், இரண்டாம் வாரம்

அன்பு மகனுக்கு,

சிங்கப்பூரிலிருந்து நீ அனுப்பிய குரல் பதிவை அம்மா ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நான் ஒரு முறைதான் கேட்டேன். காதில் விழுவதைவிடத் தாளில் இருப்பதுதான் எனக்குப் பிடிபடும். புதுவயல் அரிசி ஆலையில் பேரேட்டுக்கு முன்னால் உட்கார்ந்தே தலை நரைத்தவனுக்கு வேறு பழக்கம் எங்கிருந்து வரும்? அதனால் பதிலை எழுதித் தபாலில் சேர்க்கிறேன். போனில் படம் பிடித்து அனுப்பலாமே என்றாள் அம்மா. அப்படி அனுப்பினால் நீ வேலைக்குப் போகிற பஸ்ஸில் நின்றுகொண்டே படிப்பாய். இது உட்கார்ந்து படிக்க வேண்டியது.

நீ குடியை விட்டதில் எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் எழுதப்போவதைப் படிக்கும்போது அது உனக்கு மறந்துவிடக் கூடாது. உன் பேச்சில் இப்போது குழறல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாலையில் நீயாகக் கூப்பிடுகிறாய். முன்பெல்லாம் ஞாயிறு மாலை என்றால் உன் போன் அணைந்து கிடக்கும். மாதம் பிறந்ததும் மருமகள் கணக்குக்குப் பணம் வந்துவிடுகிறதாம். இதெல்லாம் எந்த ஜெபக்கூட்டத்தில் தொடங்கியது, அவர்கள் எந்தச் சபை என்று நான் குறுக்குக் கேள்வி கேட்கப் போவதில்லை. செக்காலையில் நம் கத்தோலிக்கக் கோயில் வாசல் வழியாகத்தான் உன்னிடம் வர வேண்டும் என்று ஆண்டவருக்கு நான் சட்டம் போட முடியுமா? அம்மா அந்த வாரமே கோயிலுக்குப் போய் நன்றிப் பூசைக்குக் காணிக்கை கொடுத்துவிட்டு வந்தாள்.

மறுபடியும் ஞானஸ்நானம் எடுக்கப் போவதாகச் சொன்னாய். திருமுழுக்கு ஒன்றுதான் என்று ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தில் சொல்லி வளர்ந்தவன் நீ. கைக்குழந்தையாக இருந்தபோது உன் தலையில் ஊற்றிய தண்ணீர் காய்ந்துபோய்விட்டதாக நான் நினைக்கவில்லை. இதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல மாட்டேன். நீ சின்னப் பிள்ளை இல்லை.

நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்காக. 'பழையவைகள் ஒழிந்துபோயின, எல்லாம் புதிதாயின' என்ற வசனத்தைப் பேச்சுக்குப் பேச்சு சொன்னாய். கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய இரண்டாம் கடிதம், ஐந்தாம் அதிகாரம். நானும் அதை நம்புகிறேன். ஆனால் கணக்கு எழுதியவன் காதில் அது கொஞ்சம் வேறு மாதிரி விழுகிறது. ஆலையில் ஆண்டுதோறும் புதுப் பேரேடு போடுவோம். அட்டைக்கு மஞ்சள், முதல் பக்கத்தில் முதலாளியின் பிள்ளையார் சுழி, பூ எல்லாம் உண்டு. ஆனால் பழைய பேரேட்டில் நின்ற பாக்கி புதுப் பேரேட்டின் முதல் வரியில் ஏறிவிடும். ஐந்தொகை என்னும் வரவு செலவு நிலுவைக் கணக்கைப் பார்க்கும்போது முதலாளி முதலில் விரல் வைக்கிற இடமே அதுதான். புத்தகம் புதிது என்று கடன்காரனிடம் சொல்ல முடியாது.

(செட்டியார்களின் பேரேட்டில் மகமை என்று சாமிக்கும் ஒரு பங்கு எழுதுவார்கள் என்பது உனக்குத் தெரியும். எங்கள் முதலாளி ஒரு நாளும் கூலி பாக்கியை நிறுத்திவைத்துவிட்டு மகமை எழுதியதில்லை. அவர் வேதம் படித்தவர் இல்லை.)

உங்கள் கூட்டத்தில் சக்கேயுவைப் பற்றிப் பேசியிருப்பார்கள். குள்ளமான ஆள், அத்தி மரத்தில் ஏறினான், பிள்ளைகளுக்கு நடித்துக் காட்ட வசதியான கதை. லூக்கா பத்தொன்பதாம் அதிகாரத்தை ஒரு தரம் என்னோடு நிதானமாகப் படி. எரிகோவின் தலைமை வரி வசூல்காரன் அவன். ஊர் அவனை வெறுத்தது, வெறுக்கக் காரணமும் இருந்தது. அவன் வாய் திறப்பதற்கு முன்பே இயேசு, இன்று உன் வீட்டில் தங்க வேண்டும் என்கிறார். எந்த நிபந்தனையும் இல்லை. அதை நான் மறுக்கவே இல்லை. அவன் மகிழ்ச்சியோடு அவரை வரவேற்றான் என்று லூக்கா ஒரு வார்த்தை எழுதுகிறார். அவன் மனத்துக்குள் நடந்தது பற்றி அவ்வளவுதான். அழுதானா, உடம்பு சிலிர்த்ததா, ஒன்றும் இல்லை. அடுத்து அவன் பேசுவது முழுக்கப் பணம்: சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றி வாங்கியிருந்தால் நான்கு மடங்கு திரும்ப. இன்று இந்த வீட்டுக்கு மீட்பு வந்தது என்று இயேசு சொல்வது அதற்குப் பிறகுதான்.

அந்த நான்கு மடங்கைக் கவனி. எண்ணிக்கை ஆகமத்தின் ஐந்தாம் அதிகாரம் என்ன கேட்கிறது தெரியுமா? ஒருவன் பிறருக்குச் செய்த குற்றத்தை ஒப்புக்கொண்டால் முதலைத் திருப்பிக் கொடுத்து, அதோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்க்க வேண்டும். அவ்வளவுதான். சக்கேயு சட்டம் கேட்டதைவிடப் பல மடங்கு தன் பெயரில் எழுதிக்கொள்கிறான். மாறிய மனிதன் தன் மாற்றத்தின் செலவைத் தானே ஏற்றான் என்பதுதான் எனக்கு அந்தக் கதையில் பிடித்தது.

எல்லா இடத்திலும் அப்படி நடப்பதில்லை. ஓரியூருக்கு உன்னைச் சிறுவயதில் எத்தனை தடவை கூட்டிப் போயிருக்கிறேன், அந்த மகான் பெயரைத்தான் உனக்கும் வைத்தோம். லிஸ்பனில் 1647இல் பிறந்து, இங்கே குருவாக வந்து அருளானந்தர் ஆகி, 1693 பிப்ரவரி 4ஆம் தேதி ஓரியூரில் தலை வெட்டப்பட்டவர். காரணமும் உனக்குத் தெரியும். சிறுவல்லித் தடியத் தேவர் தீராத நோயிலிருந்து குணமாகி, அவரிடம் ஞானஸ்நானம் பெற்றுக் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தார். ஒரு மனைவியோடு மட்டும் வாழ வேண்டும் என்பதால் மற்ற மனைவியரை விலக்கினார். அவர்களில் இளையவள் கடலை, ராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதியின் உறவுப் பெண். அவள் சேதுபதியிடம் முறையிடப் போனாள், அருளானந்தர் சாமியார் பிடிபட்டார். திருவிழாப் பிரசங்கங்களில் அந்தப் பெண்ணைக் கொடுமைக்காரியாகவே சொல்வார்கள். எனக்கு மனம் ஒப்புவதில்லை. அவள் எந்தத் தப்பும் செய்யாமல் ஒரு நாள் காலையில் வீடிழந்தவள். தேவருக்குப் புது வாழ்வு, சாமியாருக்கு 1947இல் புனிதர் பட்டம். அவளுக்கு என்ன எழுதியிருந்தது? வேதத்தின் மேல் எனக்குக் குறை இல்லை. ஒருவன் மாறும்போது அதற்கான விலையைப் பக்கத்தில் நிற்பவர்கள் கொடுத்துவிடக்கூடும் என்று மட்டும் சொல்கிறேன்.

இப்போது உன் வீடியோவுக்கு வருகிறேன். சிங்கப்பூரில் யாரோ எடுத்தது திருப்பத்தூர் வரைக்கும் வந்துவிட்டது. மைக் பிடித்து, ஆண்டவர் உன்னை மாற்றியதற்குச் சாட்சி சொல்கிறாய். நன்றாகத்தான் பேசுகிறாய்; பேச்சு உனக்கு உன் தாத்தா வழியில் வந்தது. ஆனால் தாலியைக் கழற்றித் தரச் சொல்லி நீ மருமகளோடு மல்லுக்கு நின்ற அந்த இரவையும் சொல்கிறாய், கூட்டம் கைதட்டுகிறது. பாப்பாவைப் பார்க்கப் போயிருந்தபோது சம்பந்தி போனை என் கையில் கொடுத்தார். நான் பார்த்து முடித்ததும் வாங்கி வைத்துக்கொண்டார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. உள்ளே மருமகள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவளிடம் கேட்டுவிட்டா அதைச் சொன்னாய்? நீ எவ்வளவு ஆழத்தில் கிடந்தாய் என்று காட்ட உனக்கு அவள் அழுகை தேவைப்பட்டிருக்கிறது. அந்தச் செலவும் அவள் பெயரிலேயே ஏறிவிட்டது. இனி மேடையில் உன்னைப் பற்றி மட்டும் பேசு. அவள் பேச விரும்பினால் அவளே பேசுவாள்.

கைதட்டல் பற்றியும் ஒன்று. புனித அகுஸ்தினார் 387இல் மிலான் நகரில் ஞானஸ்நானம் பெற்றார். ஏறக்குறைய பத்து ஆண்டு கழித்து, ஆயராகவும் ஆன பிறகு, தம் வாழ்க்கையை எழுதுகிறார். அதில் பத்தாம் பகுதியில் தம்மை இன்னும் இழுத்துக்கொண்டிருப்பவற்றைக் கணக்குப் போடுகிறார். சாப்பாட்டு ருசி, பாட்டு, அப்புறம் மனிதர்கள் புகழ்வதில் கிடைக்கும் இன்பம். கடைசியாகச் சொன்னதில்தான் தம்மைத் தாமே அளக்க முடியவில்லை என்று திணறுகிறார். அவ்வளவு பெரியவருக்கே அந்தப் பாடு. 'முற்றிலும் மாறிவிட்டேன்' என்று நீ சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது. 'மாறிக்கொண்டிருக்கிறேன்' என்று சொல்லியிருந்தால் அன்று நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அக்காவின் ஆரத்துக்கு வருகிறேன். எட்டுப் பவுன். நீ எடுத்துக்கொண்டு போய் அடகு வைத்தாய், வட்டி கட்டவில்லை, ஏலத்தில் போய்விட்டது. மாப்பிள்ளை அன்று எங்களிடம் ஒரு சொல்லும் கேட்கவில்லை. தேவகோட்டையில் தம் வீட்டாரிடம் அவர் என்ன சொல்லிச் சமாளித்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு ஒரு கல்யாணத்துக்கும் அவள் கழுத்து நிறையப் போட்டுக்கொண்டு வந்து நான் பார்க்கவில்லை. உன் பதிவில் அந்த ஆரம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு சபைக்குக் கொடுப்பதாக மட்டும் வந்தது.

சிலுவையில் எல்லாக் கடனும் தீர்ந்தது என்பாய். கடவுளுக்கு நீ பட்டது தீர்ந்தது, சந்தேகமே இல்லை. அக்காவுக்குப் பட்டது தீர்ந்ததா என்று அக்காதான் சொல்ல வேண்டும். குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் நம் பாவசங்கீர்த்தனத்திலும் அப்படித்தான்: மன்னிப்புக் கிடைத்தாலும் எடுத்ததைத் திருப்பித் தரும் கடமை போகாது. காணிக்கையோடு பலிபீடத்துக்கு வந்தவனுக்குத் தன் சகோதரனுடைய மனத்தாங்கல் நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய்ச் சமாதானமாகு என்று மலைப்பிரசங்கத்தில் இருக்கிறது. உங்கள் பாஸ்டரிடமும் கேட்டுப் பார். நல்ல மனிதர் என்றால் இதையேதான் சொல்வார்.

எண்ணிக்கை ஆகமத்தில் உள்ள மோசே கணக்குப்படி எட்டுக்கு ஒன்பதரைக்கு மேல் வரும். சக்கேயு கணக்குப்படி முப்பத்திரண்டு பவுன். அக்கா மயங்கி விழுவாள். எட்டுப் போதும். ஆனால் பவுனாகக் கொடு. அடகு வைத்த அன்றைய விலையைப் பெருக்கிப் பணமாகக் காட்டாதே, இன்று அந்தப் பணத்துக்கு எட்டுப் பவுன் தேறாது. ஒரே தடவையில் முடியாது, தெரியும். வருடத்துக்கு இரண்டு பவுன் என்று வைத்துக்கொள்.

பிலமோனுக்குப் பவுல் எழுதிய சின்னக் கடிதம் ஒன்று உண்டு, ஒரே அதிகாரம். பிலமோனின் அடிமையாக இருந்த ஒநேசிமுவுக்காக, அவன் உமக்கு ஏதாவது கடன்பட்டிருந்தால் அதை என் கணக்கில் எழுதும், நான் கொடுத்துத் தீர்ப்பேன் என்று தம் கையாலேயே எழுதிக் கொடுக்கிறார். எனக்கும் அப்படி எழுதிக் கொடுக்கக் கை பரபரத்தது. என் சேமிப்பில் இரண்டு மூன்று பவுனுக்கு வழி இருக்கிறது. வேண்டாம் என்று வைத்துவிட்டேன். இது உன் பெயரில்தான் இருக்க வேண்டும்.

அம்மா டப்பாவில் வைத்திருக்கும் ஓரியூர்ச் செம்மண்ணை மூடநம்பிக்கை என்று சொன்னாயாம். நீ குடித்துவிட்டுப் போனை எடுக்காத இரவுகளில் அவள் அந்த டப்பாவைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் செபமாலை சொன்னாள். உனக்கு அதில் நம்பிக்கை இல்லை என்றால் இருக்கட்டும். அவளிடம் சொல்லாதே.

அக்காவை நீயே கூப்பிடு. நான் எழுதினேன் என்று சொல்லாதே. மாப்பிள்ளைக்கு இப்போது இரவு வேலை, காலை பத்து மணிக்கு முன் கூப்பிட்டால் அவர் தூக்கம் கெடும், அக்கா அதற்கு வேறு திட்டுவாள். மருமகளிடம் பேசும்போது வீடியோவை நீக்கிவிடச் சொல்லியிருக்கிறேன் என்பதைத்தான் முதலில் சொல். சொல்வதற்கு முன் அதை நீக்கவும் ஏற்பாடு செய். அம்மா மாவுருண்டையும் சீடையும் கட்டி வைத்திருக்கிறாள். தவக்காலத்தில் பலகாரம் எதற்கு என்றேன், தவக்காலம் உங்களுக்கு, பலகாரம் பிள்ளைக்கு என்றாள். ஈஸ்டருக்குள் திருச்சியிலிருந்து விமானம் ஏறுகிறவர் யாராவது கிடைத்தால் கொடுத்தனுப்புகிறோம். உன் அறை முகவரி பழையதுதானா என்று எழுது.

உன் அப்பா