சர்க்கரை மாத்திரை எழுதும் டாக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டாக்டர்களுக்கு,

வணக்கம். ஒன்பது வருடமாகச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவன் எழுதுகிறேன். ஒவ்வொரு முறையும் எடை மெஷினில் ஏறச் சொல்கிறீர்கள். முள் கூடியிருந்தால் "அரிசியைக் குறைங்க, நடங்க" என்கிறீர்கள். சரி, நடக்கிறேன். ஆனால் அந்த முள்ளுக்கும் நீங்கள் எழுதிய மாத்திரைக்கும் சம்பந்தம் உண்டு என்று யாரும் சொன்னதில்லை.

மெட்ஃபார்மினோடு கிளிமெபிரைடு சேர்த்த வருடம் எனக்கு நான்கு கிலோ ஏறியது. ஒருநாள் மதியச் சாப்பாடு தள்ளிப்போய், பஸ்ஸில் கை நடுங்கி வேர்த்துக் கொட்டியது. பக்கத்து சீட் அம்மா கொடுத்த கடலை மிட்டாய்தான் காப்பாற்றியது. கிளிமெபிரைடு கணையத்தை உசுப்பி இன்சுலினைச் சுரக்க வைக்கும், அதனால் சர்க்கரை சட்டென்று இறங்கலாம், எடையும் கூடலாம் என்பதை அப்புறம் நானாகத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

எல்லாச் சர்க்கரை மாத்திரையும் அப்படியில்லை. சிட்டாகிளிப்டின் எடையை ஏற்றாது, இறக்காது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் இரண்டும் சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளிவிடும். இரண்டு மூன்று கிலோ குறையும். அந்தரங்க இடத்தில் பூஞ்சைத் தொற்று வரலாம், அதையும் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். டாபாவின் காப்புரிமை முடிந்து, விலையும் இறங்கிவிட்டது.

இப்போது எல்லோரும் கேட்பது ரைபெல்சஸ், அதாவது செமாகுளூடைடு மாத்திரை. 2019-இல் வெளியான ஓர் ஆய்வில் இதன் 14 மி.கி.யையும் எம்பாகிளிஃப்ளோசின் 25 மி.கி.யையும் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். 26 வாரத்தில் மூன்று மாத சராசரிச் சர்க்கரை (HbA1c) செமாகுளூடைடில் 1.3 சதவீதப் புள்ளி இறங்கியது, மற்றதில் 0.9. எடையோ 3.8 கிலோவும் 3.7 கிலோவும்! எடைக்காக மட்டும் விலை கூடிய மாத்திரைக்கு மாறுகிறவர் இதைக் கேட்டுவிட்டு முடிவெடுக்கட்டுமே.

வாங்கினாலும் சாப்பிடும் முறை தெரிய வேண்டும். வெறும் வயிற்றில், அரை டம்ளர் தண்ணீரில், பிறகு அரை மணி நேரம் காபிகூடக் கூடாது. என் அண்ணி இரண்டு மாதம் காலைக் காபியோடு விழுங்கியிருக்கிறார். காசு டபராவிலேயே கரைந்தது.

மருந்துச் சீட்டின் ஓரத்தில் மூன்று வார்த்தை போதும்: எடை ஏறுமா, இறங்குமா, மாதச் செலவு எவ்வளவு. அடுத்த முறை நான் மெஷினில் ஏறும்முன் பழைய சீட்டையும் ஒருதரம் பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய நோயாளி ஒருவன்