நாட்டிய அறக்கட்டளைகளின் கணக்கு: ஏப்ரல் முதல் ஒரு மாற்றம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பரதநாட்டியப் பள்ளியும் குழுவும் நடத்தும் அறக்கட்டளைகளுக்குக் கணக்கு எழுதுவதுதான் எங்கள் அலுவலகத்தின் முக்கிய வேலை. வரும் ஏப்ரல் முதல் உங்கள் வரவு செலவை வகுப்பு, நிகழ்ச்சி, நன்கொடை என்று மூன்றாகப் பிரித்து எழுதப் போகிறோம். இதற்குக் கூடுதல் கட்டணம் இல்லை. ஏன் இந்த மாற்றம் என்று சொல்லிவிடுகிறோம்.

ஏதாவது ஒரு மார்கழி நிகழ்ச்சியின் வவுச்சர்களை எடுத்துப் பாருங்கள். நட்டுவாங்கம் (தாளம் தட்டி ஆட்டத்தை நடத்துவது), பாட்டு, மிருதங்கம், வயலின், புல்லாங்குழல். ஒத்திகைக்குத் தனியாக ஒரு கற்றை. அப்புறம் மேக்கப், லைட், உடை, வேன் வாடகை. வரவுப் பக்கத்தில் நிகழ்ச்சிக்கு அழைத்த சபா கொடுத்த சன்மானம் மட்டும் ஒரே ஒரு வரி. மிச்சத்தைக் கட்டுவது பிள்ளைகளின் மாதக் கட்டணம்தான். எல்லாம் ஒரே கணக்கில் கிடப்பதால் இது யார் கண்ணிலும் படுவதில்லை. கையைக் கடிக்கும்போது டீச்சர் தன் சம்பளத்தை எடுக்காமல் விட்டுவிடுகிறார். எடுக்காத சம்பளம் எந்த வவுச்சரிலும் வராது. கணக்கோ சரியாக இருப்பதுபோல் தெரியும். எங்களை மிகவும் உறுத்துவது இதுதான். ஆசிரியரே அறங்காவலராக இருந்தாலும், அறக்கட்டளைப் பத்திரம் இடம் கொடுத்தால், வேலைக்கேற்ற நியாயமான சம்பளம் எடுக்க வருமான வரிச் சட்டம் தடையில்லை. தீர்மானம் போட்டு, தயங்காமல் எடுங்கள்.

சரி, பணம் எங்கிருந்து வரும்? கொடுப்பவருக்கு வருமான வரியில் கழிவு வாங்கித் தரும் 80ஜி ரசீதை மட்டும் நம்பி இனி நன்கொடை கேட்க முடியாது. 2023-24 நிதியாண்டு முதல், வேண்டாம் என்று சொல்லாதவரை தனிநபர்களுக்குப் புதிய வரி முறைதான். அதில் இந்தக் கழிவு கிடையாது. வரிக்காகக் கொடுத்தவர்கள் குறைவார்கள். நாட்டியத்துக்காகக் கொடுப்பவர்களிடம் ஒரு மாலை நிகழ்ச்சிக்கு ஸ்பான்சர் கேட்பதைவிட, மிருதங்கக்காரரின் ஒரு வருட ஒத்திகைச் சம்பளத்தைக் கேளுங்கள். எதற்குக் கொடுக்கிறோம் என்று அவர்களுக்கும் தெளிவாகத் தெரியும்.

நீங்களே நடத்தும் நிகழ்ச்சிகளுக்கு டிக்கெட் போடுங்கள். நாட்டிய நிகழ்ச்சிக்குத் தலைக்கு 500 ரூபாய் வரையிலான நுழைவுக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. 200 ரூபாய் டிக்கெட்டில் 150 பேர் வந்தால் 30,000 ரூபாய். பக்கவாத்தியக்காரர்களுக்கு அன்றைக்கே கையில் கொடுக்க அது உதவும். இலவசமாக விட்டால்தான் கூட்டம் வரும் என்ற பேச்சை நாங்கள் ஏற்பதில்லை. பெற்றோரும் நண்பர்களும் சினிமாவுக்கு டிக்கெட் எடுப்பவர்கள்தானே.

கம்பெனிகள் சமூகப் பணிக்காக ஒதுக்கும் சிஎஸ்ஆர் பணம் கிடைத்தால் நல்லது. அதை எதற்கெல்லாம் செலவிடலாம் என்று சொல்லும் 2013 கம்பெனிச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் பாரம்பரியக் கலைகளும் உண்டு. ஆனால் அது திட்டத்துக்குத் திட்டம் வருகிற பணம். வகுப்பு நடக்கும் இடத்தின் வாடகையை அதை நம்பி வைக்காதீர்கள்.

இன்னொன்று. வந்த பணத்தையெல்லாம் மார்ச்சுக்குள் தீர்த்துவிட வேண்டும் என்று நினைத்துப் பலர் அவசரமாகப் புது உடை தைக்கிறார்கள். வருமான வரித் துறையில் பதிவுபெற்ற அறக்கட்டளை வருட வருமானத்தில் 85 சதவீதத்தைத் தன் நோக்கத்துக்குச் செலவிட்டால் போதும். மீதி 15 சதவீதத்தைச் சேர்த்து வைக்கலாம். மே மாதம் வகுப்பு இல்லாதபோது சம்பளத்துக்கு அது கைகொடுக்கும்.

மூன்று கணக்குக்கும் தனித்தனி ரசீதுப் புத்தகங்களை மார்ச் கடைசி வாரத்தில் அனுப்பிவைக்கிறோம். பழைய புத்தகத்தில் மீதமுள்ள தாள்களைக் குறுக்கே கோடிட்டு எங்களிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
கணக்கு அலுவலகம், மயிலாப்பூர்