37 சுத்து

வட்டுக்கோட்டை,
பங்குனி, வெள்ளிக்கிழமை இரவு

அன்பு மச்சான்,

உன்ரை வொய்ஸ் மெசேஜ் எல்லாம் கேட்டனான். போனிலை சொல்லாமல் ஏன் கடிதம் எழுதுறான் எண்டு யோசிப்பாய். போனிலை எண்டால் நீ இடையிலை புகுந்து திருத்தம் சொல்லத் தொடங்கிவிடுவாய், நான் சொல்ல வந்தது மறந்து போகும். கடிதத்திலை உன்னாலை குறுக்கை கதைக்க ஏலாது.

முதல் செய்தி: உன்ரை டிஸ்க் கோல்ஃப், அதுதான் கூடைக்குத் தட்டெறியிற விளையாட்டு, அந்தத் தட்டு எனக்கு இப்ப போற தூரம் 37 சுத்து.

விளங்கேல்லை என்ன? என்னட்டை நீட்டு நாடா இல்லை. மேசன்மாரிட்டைக் கடன் கேட்டால் நான் மதில் கட்டப்போறன் எண்டு ஊரிலை கதை பரவும். அதாலை சைக்கிள் முன்சில்லு வால்விலை ஒரு சிவப்புத் துணித்துண்டு கட்டி, நிண்ட இடத்திலை இருந்து தட்டு விழுந்த இடம் வரைக்கும் உருட்டிக்கொண்டு போவன். துணி மேலை வாற ஒவ்வொரு தரமும் ஒரு சுத்து. 28 இஞ்சிச் சில்லு, ஒரு சுத்து 2.23 மீற்றர். நீ நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து நிக்கேக்கை நான் எறிஞ்சது 18, 19 சுத்து. போன ஞாயிறு 37. கிட்டத்தட்ட 82 மீற்றர், 270 அடி. உன்ரை நோர்வேப் பொடியளுக்கு இது சிரிப்பாயிருக்கும். சிரிக்கட்டும்.

இஞ்சை உன்ரை தட்டுகளுக்கு வைச்ச பேர் 'கோப்பை'. பின்னேரம் நான் வெளிக்கிட்டால் ஒழுங்கைப் பொடியள் "மாமா கோப்பை எறியப் போறார்" எண்டு தரவை வரைக்கும் பின்னாலை வருவாங்கள். எறிஞ்சதை ஓடிப்போய் எடுத்துத் தாறதும் அவங்கள்தான், அதாலை நான் ஒண்டும் சொல்லுறதில்லை.

ஆவணியிலை இருந்து மார்கழி வரைக்கும் ரண்டு பிழை விட்டன். முதலாவது பேராசை. நீ விட்டிட்டுப் போன மூண்டு தட்டுக்கும் நாலு நாலு நம்பர்: டெஸ்ட்ரோயருக்கு 12, 5, -1, 3. லெப்பேர்ட்டுக்கு 6, 5, -2, 1. ஏவியருக்கு 2, 3, 0, 1. முதல் நம்பர் வேகம் எண்டு நீ சொன்னது மட்டும் ஞாபகம் இருந்தது. 12 கையிலை இருக்கேக்கை 6ஐ ஆரும் எடுப்பானோ? நாலு மாசம் டெஸ்ட்ரோயரைத்தான் எறிஞ்சன். கையை விட்டதும் ஒரு இருபது மீற்றர் ஒழுங்காய்ப் போகும், பேந்து இடப்பக்கம் சரிஞ்சு வேலிக்கரை ஈச்சம்பத்தைக்கை போய் விழும். ஒவ்வொரு முறையும் அதே பத்தை. கையெல்லாம் முள்ளுக் கீறினதுதான் மிச்சம்.

அந்த 12 தட்டு தாற வேகம் இல்லை மச்சான், தட்டு எங்களிட்டைக் கேக்கிற வேகம். இதை நீ எனக்கு வடிவாய்ச் சொல்லித் தந்திருக்கலாம். என்னைப் போல மெதுவான கையாலை எறிஞ்சால் அதின்ரை கடைசி நம்பர் மட்டும்தான் வேலை செய்யும். வலக்கையாலை குறுக்கை இழுத்து எறியிறவனுக்கு, வேகம் குறையேக்கை தட்டு எவ்வளவு இடப்பக்கம் விழும் எண்ட கணக்கு அந்த 3. லெப்பேர்ட்டுக்கு அது 1தான். அதோடை -2 எண்டது வேகமாய்ப் போகேக்கை வலப்பக்கம் சாயப் பாக்கிற குணம். ரண்டும் ஒண்டையொண்டு சரிக்கட்ட, தட்டு நேராய்ப் போகுது. ரண்டாவது நம்பரைப் பார், மிதப்பு ரண்டுக்கும் ஒரே 5. பாதி வேகத்துக்கு அதே மிதப்பு கிடைக்கேக்கை நான் ஏன் ஈச்சம்பத்தைக்கை நிண்டு மினைக்கெட்டன்?

பட்டிப்பொங்கல் அண்டைக்குத்தான் லெப்பேர்ட்டை எடுத்தன். அதே கை, அதே கோணல் எறி, 25 சுத்து. ஆறு சுத்து தட்டை மாத்தினதாலை மட்டும் வந்தது.

ரண்டாவது பிழை கை. தூரம் எண்டால் கைப்பலம் எண்டு நினைச்சன். கார்த்திகையிலை தோள்மூட்டுப் பிடிச்சு, சேட்டுப் போடக் கை உயராது. மனுசி நல்லெண்ணெய் சூடாக்கிப் பூசிக்கொண்டு, "அறுபதுக்குக் கிட்ட வந்திட்டுக் கோப்பை எறியிறாராம்" எண்டு சொன்னது ஒழுங்கைக்கே கேட்டிருக்கும். நீயோ ஒவ்வொரு வீடியோவிலையும் "இடுப்பாலை எறி, இடுப்பாலை எறி" எண்டு நிண்டாய். இடுப்பாலை எப்பிடியடா எறியிறது? இடுப்பிலை விரலோ கிடக்கு?

அதுக்கு விடை அராலிப் பாலத்தடியிலை கிடைச்சது. தை மாசக் கடைசி, விடிய ஆறரை இருக்கும், மீன் வாங்கப் போனனான். முழங்கால் தண்ணியிலை ஒரு அப்பு வீச்சுவலையோடை நிக்கிறார். எழுபதுக்கு மேலை, கை ரண்டும் எலும்பும் தோலும். வலையின்ரை ஒரு பக்கத்தை இட முழங்கையிலை போட்டு, மிச்சத்தை வலக்கையிலை கூட்டிப் பிடிச்சு, எறியப் போற பக்கத்துக்கு முதுகு தெரியுற மாதிரித் திரும்பினார். உடம்புப் பாரம் முழுக்கப் பின்காலிலை. பேந்து முன்காலைச் சேத்துக்கை ஊண்டினார். கால் ஊண்டின பிறகுதான் இடுப்புத் திரும்பினது, இடுப்புக்குப் பின்னாலை தோள், கை கடைசியாய் இழுபட்டு வந்தது. வலை ஆகாயத்திலை வட்டமாய் விரிஞ்சு, ஈயக்குண்டு எல்லாம் ஒரே நேரத்திலை தண்ணியிலை விழுந்தது. அந்த வட்டத்துக்கை மட்டும் மழை பெய்த மாதிரி ஒரு சத்தம்.

மீனை மறந்திட்டன். ஏழெட்டு எறி நிண்டு பாத்தன். "என்ன தம்பி, வலை வாங்கிற யோசினையோ?" எண்டு கேட்டார். "கை நோகிறேல்லையோ அப்பு?" எண்டன். "கை என்ன செய்யுது, பிடிச்சுக்கொண்டுதானே வருது" எண்டிட்டு அடுத்த எறிக்குத் திரும்பிட்டார்.

அண்டைக்குப் பின்னேரம், எறிய முதல் ஓடிவாறதை விட்டிட்டன். நீ ஆடுற அந்தக் குறுக்குக்கால் ஓட்டம் எங்களுக்குப் பிறகு பாக்கலாம். ரண்டு கிழமை நிண்ட நிலையிலை மட்டும் எறிஞ்சன்: திரும்பு, பாரத்தைப் பின்காலிலை வை, முன்காலை ஊண்டு, அதுக்குப் பிறகுதான் மிச்சம் எல்லாம். முன்காலை எறியிற திசைக்கு நேராய் நீட்டி வைக்காமல் கொஞ்சம் குறுக்காய் வைச்சு, எறிஞ்சு முடியேக்கை குதியிலை சுழல விட்டால் முழங்காலுக்கு நோவில்லை. இது எங்கடை வயசுக்கு முக்கியம், நீயும் கவனி. தோள்மூட்டு நோ தன்பாட்டிலை போட்டுது. எண்ணெய்தான் மாத்தினது எண்டு மனுசி சொல்லுறா. நான் மறுக்கேல்லை.

இனி கை வாற பாதை. நான் நெஞ்சைச் சுத்தி வட்டமாய்க் கொண்டுவந்து எறிஞ்சுகொண்டிருந்தன். தட்டு எந்த இடத்திலை கையை விட்டுப் போகும் எண்டு எனக்கே தெரியாது. உங்கடை அப்பாவின்ரை வெங்காயத் தோட்டத்து இறைப்பு மிசின் ஞாபகமிருக்கோ? மண்ணெண்ணெய்யிலை ஓடினது, ஸ்ரார்ட் பண்ண மட்டும் ரண்டு துளி பெற்றோல் விடுவம், அந்த நாளையிலை பெற்றோல் தங்கமெல்லே. கயிறைக் கப்பியிலை சுத்தி இழுக்கேக்கை ஆரும் கையை வட்டமாய்க் கொண்டு போறேல்லை. நெஞ்சுக்கு முன்னாலை நேர்கோடு, முழங்கை முந்திப் போகும், வெட்டி இழுக்கிறது கடைசி ஒரு சாணிலைதான். தொடக்கத்திலேயே பலத்தைக் குடுத்தால் மிசின் இருமிப்போட்டு நிண்டிடும், அப்பாட்டைப் பேச்சும் விழும்.

தட்டும் அப்பிடித்தான். வலப்பக்க நெஞ்சடிக்கு வருமட்டும் அதைச் சும்மா வர விடவேணும். அங்கையிருந்து முழங்கை முன்னாலை போக, முன்னங்கை சவுக்கு மாதிரித் திறக்கவேணும். விரல் நாலும் விளிம்புக்குக் கீழை மடிஞ்சு கிடந்தாலும் இறுக்கிறது அந்தக் கடைசி வெட்டிலைதான். அந்த வெட்டுத்தான் தட்டுக்குச் சுழற்சி குடுக்குது. சுழற்சி காணாத தட்டு, ஓயப்போற பம்பரம் மாதிரித் தள்ளாடும்.

இவ்வளவும் செய்து 31இலை வந்து நிண்டுது. ரண்டு கிழமை அசையேல்லை. தட்டு மேலை ஏறும், ஒரு இடத்திலை நிக்கும், பேந்து பின்னுக்குச் சறுக்கி விழும். இன்னும் பலமாய் எறிஞ்சால் இன்னும் மேலை ஏறிச்சுதே தவிர முன்னுக்குப் போகேல்லை. தட்டு எடுத்துத் தாறதிலை ஒருத்தன், பத்து வயசு இருக்கும், கால்சட்டையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு பாத்திட்டுச் சொன்னான்: "மாமா, உங்கடை கோப்பைக்கு முச்சை பிழை."

மச்சான், நானும் நீயும் விண் பூட்டி எட்டுமூலைப் பட்டம் ஏத்தினனாங்கள். பட்டத்தைச் சரிச்சுப் பிடிக்கிற முச்சைக்கயிறு ஒரு விரல்கடை பிழைச்சால் பட்டம் என்ன செய்யும் எண்டு எங்களுக்குத் தெரியாதோ? தட்டின்ரை மூக்கு, அதுதான் முன்விளிம்பு, அண்ணாந்து கொண்டு போகுது. காத்து அடியிலை பிடிச்சுத் தூக்கி வேகத்தைச் சாப்பிடுது. வீட்டை போய்க் கண்ணாடிக்கு முன்னாலை தட்டைப் பிடிச்சுப் பாத்தன். மணிக்கட்டு மேலை மடிஞ்சு கிடக்கு. கண்டுக்குத் தண்ணி விடப் பூவாளியைச் சரிக்கிறம் எல்லே, அந்த மாதிரி மணிக்கட்டைக் கீழை சரிச்சால் மூக்குத் தாழும். உயரமாய் எறிய வேணுமெண்டால் மூக்கைத் தூக்கக் கூடாது, தோளைச் சரிக்கவேணும். போன ஞாயிறு அப்பிடி எறிஞ்சதுதான் 37. அந்தப் பொடியனுக்கு ஒரு ஐஸ்கிறீம் வாங்கிக் குடுத்தனான்.

காத்து விசயத்திலையும் நான் தலைகீழாய்த்தான் நிண்டிருக்கிறன். ஆவணியிலை சோழகக் காத்தை முதுகுக்கு வைச்சு எறிஞ்சன், காத்துத் தள்ளிக்கொண்டு போகும் எண்டு. பின்காத்திலை தட்டுக்கு மேலாலை ஓடுற காத்து குறையுது, தூக்கல் குறையுது, இடப்பக்கம் விழுகிறது கெதியாய் நடக்குது. ஏற்கெனவே இடப்பக்கம் விழுகிற தட்டு, அதுக்கு மேலை பின்காத்து! எதிர்க்காத்திலை மற்ற வளம்: தட்டு தன்ரை உண்மையான வேகத்தை விடக் கெதியாய் எறிஞ்ச மாதிரி நடந்து வலப்பக்கம் பிரளப் பாக்கும். வைகாசியிலை சோழகம் வர, பின்காத்துக்கு லெப்பேர்ட்டைக் கொஞ்சம் உயர எறியிறதாய் யோசினை. எதிர்க்காத்துக்கு என்னட்டை ஒரு தட்டும் இல்லை.

2016இலை டேவிட் விகின்ஸ் எண்ட அமெரிக்கப் பொடியன் நெவாடாப் பாலைவனத்திலை 338 மீற்றர் எறிஞ்சது பின்காத்திலைதான். என்ரை சைக்கிள் கணக்கிலை 151 சுத்துக்கு மேலை! அவன் குடுக்கிற வேகத்துக்குக் காத்து உதவி, எனக்கு உபத்திரவம்.

இன்னொண்டு வாசிச்சனான். 1976இலை இந்த விளையாட்டுக்குச் சங்கம் தொடங்கின எட் ஹெட்றிக், சங்கிலி தொங்குற அந்தக் கூடையை உண்டாக்கின மனிசன், 2002இலை செத்தாப் பிறகு அவரின்ரை சாம்பலைக் கலந்து தட்டு வாத்தவங்களாம். நாங்கள் கீரிமலையிலை கரைக்கிறம், அவங்கள் எறியிறாங்கள். மனுசிக்குச் சொன்னன். "உங்களுக்கும் அப்பிடித்தான் செய்யவேணும்" எண்டா.

ஊர்ப்புதினம் பெரிசாய் இல்லை. பள்ளிக்கூடங்களின்ரை கிரிக்கெட் பெருஞ்சமர் நேரம், பட்டா வாகனங்களிலை பொடியள் கொடியோடை பறக்கிறாங்கள், ரவுணுக்குள்ளை போகேலாது. உங்கடை வளவுக் கறுத்தக்கொழும்பான் மாமரம் நல்லாய்ப் பிஞ்சு பிடிச்சிருக்கு, வௌவாலுக்கு வலை போட ஆள் பிடிச்சிட்டன், காசை வரேக்கை தா. கிணத்துக்கட்டு வெடிச்சது அப்பிடியே கிடக்கு.

ஆவணிக்கு வரேக்கை கொண்டு வரவேண்டியது: லெப்பேர்ட் இன்னொண்டு. இருக்கிறது எங்கடை சுண்ணாம்புக்கல்லிலை அடிபட்டு விளிம்பு கிழிஞ்சு, இப்ப தொட்டதுக்கெல்லாம் வலப்பக்கம் பிரளுது. மலிவான பிளாஸ்ரிக் போதும். ஆனால் 150 கிராமுக்குக் கிட்டப் பாரமில்லாததாய்ப் பார். இந்த அளவுத் தட்டெல்லாம் 175 வரைக்கும் வருது, எனக்கு அவ்வளவு வேண்டாம், மெதுவான கைக்குப் பாரம் குறைஞ்சது தூரம் போகுது. சோழகத்துக்கு ஒரு டீபேர்ட், 7, 5, 0, 2, அது மட்டும் பாரமாய் இருக்கட்டும், காத்துக்குத் தாங்கவேணும்.

டெஸ்ட்ரோயர் கொண்டு வந்திடாதை. இருக்கிறதே குசினியிலை தண்ணிக்குடத்துக்கு மூடியாய்க் கிடக்கு, அளவு அச்சொட்டு. உனக்கு அது திருப்பி வேணுமெண்டால் மனுசியிட்டை நீயே கேள்.

உன்ரை
மச்சான்