பிணையக் கடன் சட்டத்தைத் தமிழில் கற்க வழி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடனுக்குச் சொத்தை ஈடாக வைப்பது பற்றிய சட்டத்தைக் கற்க விரும்பும் மாணவர், நகை அடகுக்கு 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தையும், நில அடைமானத்துக்கு 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தையும், நீதிமன்றம் செல்லாமலே வங்கி பிணைச் சொத்தைக் கைப்பற்ற வழிசெய்யும் 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டத்தையும் தனித்தனியே புரட்ட வேண்டியிருக்கிறது. மூலச் சட்டங்கள் ‘இந்தியா கோட்’ இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால், வங்கி கோரும் தொகையில் 75 விழுக்காட்டைக் கட்டிய பிறகே முறையிடலாம் என்ற சர்ஃபாசி சட்ட விதியை உச்ச நீதிமன்றம் 2004இல் மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் ஏன் செல்லாததாக்கியது என்பதைத் தீர்ப்பைப் படித்தால்தான் உணர முடியும். கடனைக் கட்ட 60 நாள் கெடு விதிக்கும் வங்கி அறிவிப்பு வீட்டுக்கு வந்த பின்பே இச்சட்டத்தின் பெயரைக் கேள்விப்படும் குடும்பங்களுக்கு நாளை வழிகாட்ட வேண்டியவர்கள் இம்மாணவர்களே என்பதால், பிரிவுகளையும் தீர்ப்புகளையும் இணைத்து விளக்கும் தமிழ்ப் பாடநூல் ஒன்றைத் தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் கொண்டுவர வேண்டுகிறேன்.

சட்டக் கல்லூரி மாணவி,
மதுரை