இரண்டு பட்டியலிலும் அவன் பெயர் இருக்கட்டும்

டெல்டா மாவட்டப் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் வணக்கம்.

நான் மன்னார்குடிப் பக்கத்துக்காரன். மகன் ஒன்பதாவது படிக்கிறான். ஐப்பசி கார்த்திகையில் பள்ளிக்கூட மைதானத்துச் சேற்றில் கால்பந்து. சம்பா அறுத்ததும், உளுந்து தெளிக்காமல் கிடக்கும் வயலில் தாளை மிதித்துவிட்டு கிரிக்கெட். எங்கள் ஊரில் எல்லாப் பயல்களும் இப்படித்தான் வளர்கிறார்கள். போன வாரம் அவனிடம், “இரண்டு செலக்‌ஷனும் ஒரே நாளில். எது வேண்டும் என்று திங்கட்கிழமைக்குள் சொல்” என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அவன் சரியாகச் சாப்பிடவில்லை.

உங்களுக்கு கிறிஸ் பால்டர்ஸ்டோனைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1940-இல் இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில் பிறந்தவர். குளிர்காலத்தில் கால்பந்து, கோடையில் கவுண்டி கிரிக்கெட், அதாவது அந்த நாட்டு மாவட்ட அணிகள் மோதும் போட்டி. இரண்டிலும் சம்பளம் வாங்கி ஆடினார். 1975 செப்டம்பர் 15 அன்று செஸ்டர்ஃபீல்டில் டெர்பிஷயருக்கு எதிராக லெஸ்டர்ஷயருக்கு ஆடுகிறார். அன்றைய ஆட்டம் முடியும்போது 51 ரன், அவுட் ஆகவில்லை. உடனே காரில் டான்காஸ்டர். அன்று இரவே டான்காஸ்டர் ரோவர்ஸுக்காக பிரென்ட்ஃபோர்டோடு கால்பந்து, ஆட்டம் 1-1. மறுநாள் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து தொடங்கி சதம் அடிக்கிறார்: 116. பிறகு பந்தையும் வாங்கி 3 விக்கெட். அந்த ஆட்டத்தோடு லெஸ்டர்ஷயர் முதன்முறையாகக் கவுண்டி சாம்பியன். அப்போது அவருக்கு வயது 34!

இத்தனைக்கும் அவர் பெரிய நட்சத்திரம் கிடையாது. இங்கிலாந்துக்கு ஆடியது 1976-இல் இரண்டே டெஸ்ட். லண்டன் ஓவல் மைதானத்தில் இரண்டு இன்னிங்ஸிலும் வெஸ்ட் இண்டீஸ் வேகப்பந்து வீச்சாளர் ஹோல்டிங்கிடம் ரன் எடுக்காமல் போல்டு. எனக்கு அவர்மேல் மரியாதை கூடியதே அதைப் படித்த பிறகுதான். நம் பிள்ளைகள் எட்டிப்பிடிக்கக்கூடிய உயரத்தில் நிற்கிற மனிதர் அவர்.

இரண்டும் ஆடினால் உடம்பு தாங்காது என்ற உங்கள் கவலையும் எனக்குப் புரிகிறது. 1947-இல் ஒரே சீசனில் 18 சதம் அடித்த இங்கிலாந்து கிரிக்கெட் வீரர் டெனிஸ் காம்ப்டன், ஆர்சனல் கால்பந்து அணிக்கு 1950 எஃப்.ஏ. கோப்பையும் வென்றவர். கால்பந்தில் அடிபட்ட அவருடைய முழங்காலில் கடைசியில் சில்லையே எடுக்க வேண்டியதாயிற்று. வளர்கிற பிள்ளைக்கு ஓய்வு வேண்டும், மறுக்கவில்லை. அதற்காக ஒன்றைப் பிடுங்க வேண்டுமா? இங்கிலாந்தில் இரண்டு சீசனும் நீண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறியபோதுதான் இப்படிப்பட்ட ஆட்டக்காரர்கள் அருகிப்போனார்கள். நமக்கு மழையும் அறுவடையுமே சீசனைப் பிரித்துத் தந்திருக்கின்றன. பயிற்சி முகாம்களை அந்தக் கணக்கில் வையுங்கள். செலக்‌ஷனை வேறு வேறு நாளில் நடத்துங்கள். பத்தாவது முடியும்வரையாவது எந்தப் பிள்ளையிடமும் “எது வேண்டும்” என்று கேட்காதீர்கள்.

திங்கட்கிழமை என் மகன் இரண்டு பட்டியலிலும் பெயர் எழுதித் தருவான். தயவுசெய்து எதிலும் கோடு போட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு தகப்பன்