‘அருகில்’ என்ற ஒரே பொருள் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் இதழின் மாணவர் பகுதியில் சென்ற வாரம் ‘நியர்’, ‘குளோஸ்’, ‘நியர்பை’ ஆகிய மூன்று ஆங்கிலச் சொற்களுக்கும் ‘அருகில்’ என்றும், ‘ஃபார்’ என்பதற்குத் ‘தூரம்’ என்றும் பொருள் தந்திருந்தீர்கள். பொருளில் பிழையில்லை. ஆனால் அதை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளை வாக்கியம் எழுதும்போது எங்கே தடுமாறும் என்பதைப் பல ஆண்டுகள் வகுப்பறையில் பார்த்தவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

‘பள்ளிக்கு அருகில்’ என்பதில் உள்ள ‘கு’ உருபை விட மனம் வராமல் பிள்ளைகள் ‘நியர் டு தி ஸ்கூல்’ என்று எழுதுவார்கள். இன்றைய வழக்கில் ‘நியர் தி ஸ்கூல்’ என்பதே இயல்பு; ‘டு’ கட்டாயம் வேண்டுவது ‘குளோஸ்’ என்ற சொல்லுக்குத்தான். ‘நியர்பை’ தனித்து நிற்கும் சொல் என்பதால், அதன் பின்னால் ‘தி ஸ்கூல்’ என்று சேர்க்கக் கூடாது. ‘ஃபார்’ இன்னும் நுட்பமானது. ‘தூரமா?’ என்று கேட்கவும் ‘தூரமில்லை’ என்று மறுக்கவும் அது தடையின்றி வரும். ‘என் வீடு தூரம்’ என்று நேராகச் சொல்லும்போதோ ஆங்கிலேயர் பெரும்பாலும் ‘எ லாங் வே’ என்பார்கள்.

இவற்றின் வேரைக் காட்டினால் பிள்ளைகள் மறப்பதில்லை. பழைய ஆங்கிலத்தில் அருகைக் குறித்த சொல்லுக்கு ‘இன்னும் அருகே’ என்ற ஒப்பீட்டு வடிவம்தான் ‘நியர்’. ‘எல்லாவற்றிலும் அருகே’ என்ற வடிவம்தான் ‘நெக்ஸ்ட்’. அருகே குடியிருப்பவர் ‘நெய்பர்’. நம் ‘அடுத்த’ என்ற சொல்லும் நெருங்குதலைக் குறிக்கும் ‘அடு’ என்ற வினையிலிருந்து வந்ததுதானே! ‘குளோஸ்’ மட்டும் வேறு குடும்பம்; மூடுதலைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. நெருங்கிய நண்பரைக் ‘குளோஸ் ஃபிரெண்ட்’ என்பார்களே தவிர ‘நியர் ஃபிரெண்ட்’ என்பதில்லை.

ஒருமுறை கரும்பலகையில் ‘கிட்ட – கிட்டத்தட்ட’ என்று எழுதி, அதன் கீழே ‘நியர் – நியர்லி’ என்று எழுதினேன். கடைசி வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து, “அப்போ நியர்லி ஐம்பதுன்னா ஐம்பத்திரண்டாவும் இருக்கலாமா டீச்சர்?” என்று கேட்டாள். கூடாது, ‘நியர்லி’ ஐம்பதைத் தொடாமல் நிற்கும், நம் ‘கிட்டத்தட்ட’ இரு பக்கமும் போகும். அந்தக் கேள்வி எழுந்ததற்குக் காரணம் இரண்டு மொழிகளையும் பக்கத்தில் வைத்துக் காட்டியதுதான் என்று இன்றும் நம்புகிறேன்.

ஆகவே, சொல்லுக்கு ஒரு பொருள் என்று அச்சிடாமல், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாக்கியங்களாவது தந்து, தமிழ் எங்கே ஒத்துவருகிறது, எங்கே விலகுகிறது என்று குறிக்க வேண்டுகிறேன். ‘நெக்ஸ்ட் ஃப்ரைடே’ என்பது வருகிற வெள்ளியா, அதற்கடுத்த வெள்ளியா என்பதில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிடையிலேயே கருத்து வேறுபாடு உண்டு. அதையும் ஒரு வாரம் எடுத்துக்கொண்டால் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
கும்பகோணம்.